கையால் பி.பி. பார்ப்பது எப்படி: கஃப் கட்டுவது முதல் கடைசிச் சத்தம் வரை

பி.பி. பார்க்க ஒரு நிமிடம் போதும் என்று நினைத்தால் தப்பான எண்தான் கிடைக்கும். ஒழுங்காகப் பார்க்க ஓர் ஆளுக்குப் பத்து நிமிடமாவது ஆகும். அதில் முதல் ஐந்து நிமிடம் அவர் பேசாமல் உட்கார்ந்திருக்கும் நேரம். அதைக் கொடுக்க மனசு வராமல்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. 134 இருப்பவருக்கு 144 என்று எழுதிவிட்டால் தேவையில்லாத மாத்திரை ஆயுளுக்கும் தொடரலாம். 148 இருப்பவருக்கு 136 என்று எழுதினால், "நார்மல்தான்" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவார். பக்கவாதம் வந்த பிறகுதான் விஷயம் தெரியும்.

வடசென்னையில் வீட்டு வாசலில் பி.பி. பார்ப்பது இன்று பழகிய காட்சி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் அதற்கு ஒரு பெரிய காரணம். பேட்டரி மிஷின் எங்கும் வந்துவிட்டது. ஆனாலும் கையால் பார்க்கும் திறமை தேவைப்படும் இடங்கள் உண்டு. நாடி ஒழுங்கில்லாமல் துடிப்பவரிடம் மிஷின் தடுமாறும். மிஷின் காட்டும் எண் நோயாளியின் நிலைமையோடு பொருந்தாதபோது சரிபார்க்க காதும் ஸ்டெத்தும்தான் (ஸ்டெதாஸ்கோப்) வேண்டும். நர்சிங் படிப்பவர்கள், முகாமில் உதவுபவர்கள், வீட்டில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது.

முதலில் கருவி

டயல் வைத்த கருவிதான் இப்போது அதிகம். காற்று முழுவதும் வெளியேறிய நிலையில் முள் சரியாகப் பூஜ்யத்தில், அங்கே வரைந்திருக்கும் சின்னக் கட்டத்துக்குள் நிற்க வேண்டும். சில மலிவான டயல்களில் பூஜ்யத்தில் முள்ளைத் தடுக்க ஒரு குச்சி இருக்கும். உள்ளே ஸ்பிரிங் கெட்டிருந்தாலும் முள் அந்தக் குச்சியில் சாய்ந்து பூஜ்யம் காட்டும். அதை நம்பி வாங்க வேண்டாம். டயல் ஒருமுறை கீழே விழுந்தாலே மறுபடி சரிபார்த்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும். விழாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சரியென்று தெரிந்த இன்னொரு கருவியோடு ஒய் வடிவக் குழாயால் இணைத்து 50, 100, 150, 200 ஆகிய அளவுகளில் இரண்டும் ஒன்றாகக் காட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும். 3-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரிப்பேருக்கு அனுப்புங்கள். (இந்தக் கட்டுரையில் பி.பி. எண்கள் எல்லாமே பாதரச மில்லிமீட்டர்.)

கசிவு பார்ப்பது சுலபம். கஃபை, அதாவது மேல்கையில் சுற்றிக் கட்டும் காற்றுப்பட்டையை, ஒரு கெட்டியான பாட்டிலைச் சுற்றிக் கட்டி, 200 வரை காற்றடித்து, வால்வை மூடிவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். 4-க்கு மேல் இறங்கினால் எங்கோ காற்று போகிறது. குழாய் சேரும் இடங்களிலும் வால்விலும் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் உப்புக்காற்றில் வால்வின் திருகு சீக்கிரம் துருப்பிடிக்கும், வெயிலில் ரப்பர் வெடிக்கும். திருகு பிசிறில்லாமல் சுற்றவில்லையென்றால் காற்றைச் சீராக இறக்கவே முடியாது. அந்த ஒரு கோளாறே அளவு முழுவதையும் கெடுத்துவிடும்.

பழைய பாதரசக் கருவி வைத்திருப்பவர்கள் அதைத் தட்டையான இடத்தில் நேராக நிறுத்தி, பாதரசத்தின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேராக வரும்படி உட்கார்ந்து பார்க்க வேண்டும். பாதரசம் கொட்டிவிட்டால் ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலைத் திறங்கள், குழந்தைகளை வெளியே அனுப்புங்கள். துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. உருண்டை பொடிப்பொடியாகிப் பரவும். கையுறை போட்டு, கெட்டி அட்டையால் ஒதுக்கி, மூடியுள்ள பாட்டிலில் சேர்த்து மருத்துவமனையில் ஒப்படையுங்கள். சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

கஃப் அளவு: அதிகம் தவறும் இடம்

கஃபின் துணியை அளக்க வேண்டாம், உள்ளே இருக்கும் ரப்பர் பையைத்தான் அளக்க வேண்டும். பையின் நீளம் மேல்கையின் சுற்றளவில் 80 சதவீதம், அகலம் 40 சதவீதம் இருப்பது சரி. சுற்றளவு 30 செ.மீ. என்றால் பை 24 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம். தோள்பட்டை முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் இஞ்ச் டேப் வைத்து அளந்தால் சுற்றளவு தெரிந்துவிடும்.

கடையில் "பெரியவர் சைஸ்" என்று கொடுக்கும் கஃபில் பை பெரும்பாலும் 22, 23 செ.மீ. நீளம்தான் வரும். கணக்குப் போட்டால், 29 செ.மீ.க்கு மேல் சுற்றளவுள்ள கைக்கு அது போதாது. ஹார்பரில் மூட்டை தூக்கும் கையையும் காசிமேட்டில் வலை இழுக்கும் கையையும் நினைத்துப் பாருங்கள். சின்ன கஃப் கட்டினால் ரத்தக்குழாயை அழுத்துவதற்குக் கூடுதல் காற்று வேண்டியிருக்கும். டயல் அந்தக் கூடுதலையும் சேர்த்தே காட்டும். ஓர் அளவு சின்னதாகப் போனால் சுமார் 5 ஏறும், இரண்டு அளவு சின்னதென்றால் 20 வரைகூட ஏறும். ஒல்லியான ஆயாவுக்குப் பெரிய கஃப் கட்டினால் நேர்மாறாகக் குறைத்துக் காட்டும். முகாமுக்கு ஒரே ஒரு கஃபோடு போகாதீர்கள். சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று கஃபாவது கையோடு இருக்கட்டும்.

உட்கார வைப்பது

அரை மணி நேரத்துக்குள் டீ, காபி, பீடி, சிகரெட், மாவா, புகையிலை வைத்த வெற்றிலை எதுவும் கூடாது. தெருமுனை முகாமில் வரிசையில் நிற்பவர்கள் டீ கிளாஸோடு வருவார்கள். அவர்களைத் திட்டாமல், டோக்கன் கொடுத்து அரை மணி கழித்து வரச் சொல்லுங்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு அடுக்குமாடிகளில் நாலு மாடி ஏறி வந்தவருக்கு மூச்சு அடங்கிய பிறகுதான் ஐந்து நிமிடக் கணக்கு தொடங்கும். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் 10-க்கு மேல் ஏறும். முதலில் போய்விட்டு வரச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

முதுகு சாய்ந்திருக்க வேண்டும். முதுகுக்குப் பிடிமானமில்லாத பெஞ்சிலோ கட்டில் ஓரத்திலோ உட்கார்ந்தால் கீழ் அளவு (140/90 என்றால் 90) சுமார் 6 கூடும். இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும், கால் மேல் கால் கூடாது. கை, நெஞ்செலும்பின் நடுப்பகுதி உயரத்தில் எதன் மீதாவது தாங்கி இருக்க வேண்டும். கையை அவரே தூக்கிப் பிடித்தால் தசை இறுகி அளவு ஏறும். பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடி பலருக்குத் தாழ்வாக இருக்கும். ஒரு தலையணையையோ மடித்த போர்வையையோ வையுங்கள். கஃப் இதயத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தால் ஏறக்குறைய 8 கூடுதலாகக் காட்டும், மேலே இருந்தால் அதே அளவு குறையும். ரத்தமும் ஒரு திரவம்தானே, தாழ்ந்த இடத்தில் அதன் எடையும் சேர்ந்து அழுத்துகிறது.

டிவியையும் மிக்ஸியையும் நிறுத்தச் சொல்லுங்கள், தெருப்பக்க ஜன்னலைச் சாத்துங்கள். கன்டெய்னர் லாரி போகும் சாலை ஓரத்திலோ, கொருக்குப்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய வீட்டிலோ லாரியும் கூட்ஸ் வண்டியும் கடக்கும் வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ஸ்டெத்தில் கேட்கும் மெல்லிய கடைசிச் சத்தம் அந்த இரைச்சலில் காணாமல் போனால் கீழ் அளவை இருப்பதைவிட உயர்த்தி எழுதிவிடுவீர்கள். நோயாளியும் பேசக் கூடாது, நீங்களும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. பேசினாலே 10 ஏறும். "ஆயா, கையைத் தளர விடுங்க, முடியிற வரைக்கும் பேச வேணாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

கட்டுவது

மேல்கை வெறுமையாக இருப்பது நல்லது. முழுக்கைச் சட்டையைச் சுருட்டி ஏற்றினால் அதுவே கயிறுபோல இறுக்கும். சட்டையின் ஒரு பக்கக் கையை மட்டும் கழற்றச் சொல்லுங்கள். ரவிக்கையின் கை இறுக்கமாக இருப்பவர்களையும் புர்கா அணிந்தவர்களையும் மறைவான இடத்தில் பெண் ஊழியர் பார்க்கட்டும். கழற்ற விருப்பமில்லாதவருக்கு மெல்லிய துணி ஒன்றின் மேல் கட்டலாம், ஆனால் ஸ்டெத் படும் இடம் கட்டாயம் வெறும் தோலாக இருக்க வேண்டும்.

முழங்கையை லேசாக நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்கும்படி வைத்து, மடிப்பில் இரண்டு விரலால் தடவுங்கள். நடுவில் கயிறுபோல ஒரு தசைநார் தட்டுப்படும். அதற்கு உள்பக்கம், அதாவது சுண்டுவிரல் பக்கம், துடிப்பது தமனி. ரப்பர் பையின் நடு அந்தத் தமனிக்கு நேராக வர வேண்டும். கஃபில் அம்புக்குறி போட்டிருந்தாலும் பையை இரண்டாக மடித்து நடுவைப் பார்த்துக்கொள்ளுங்கள், அம்புக்குறி எல்லாக் கஃபிலும் சரியாக இருப்பதில்லை. கஃபின் கீழ்விளிம்பு மடிப்புக்கு 2 முதல் 3 செ.மீ. மேலே நிற்கட்டும். கட்டிய பிறகு இரண்டு விரல் நுழையும் இறுக்கம் போதும். தளர்வாகக் கட்டினால் பை பலூன்போல உப்பி, தொடும் பரப்பு குறைந்து, அளவு ஏறும். குழாய்கள் ஸ்டெத்தில் உரசாமல் ஒதுங்கியிருக்கட்டும்.

ஸ்டெத் எடுக்கும் முன் நாடி

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். தாண்டவே கூடாத படியும் இதுதான்.

மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் ஓடும் நாடியை உங்கள் ஆள்காட்டி விரல், நடுவிரலால் பிடியுங்கள். உங்கள் கட்டைவிரலை வைக்காதீர்கள், அதில் உங்கள் நாடியே துடிக்கும். முதலில் 60 வரை சட்டென்று காற்றடியுங்கள், பிறகு பத்துப் பத்தாக ஏற்றுங்கள். ஓர் இடத்தில் நாடி நின்றுபோகும். அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, காற்றை மொத்தமாக இறக்கிவிட்டு, ஒரு நிமிடம் விடுங்கள். நாடி நின்ற அளவோடு 30 கூட்டிக்கொள்ளுங்கள். காதால் கேட்கும்போது அதுவரைதான் ஏற்ற வேண்டும். 150-ல் நின்றிருந்தால் 180.

எதற்காக இவ்வளவு? சிலருக்கு, குறிப்பாக நாள்பட்ட ரத்தக்கொதிப்பு உள்ள வயதானவர்களுக்கு, காற்றை இறக்கும்போது ஸ்டெத்தில் கேட்கும் சத்தம் ஒரு தடவை வந்து, நடுவில் மறைந்து, மறுபடி வரும். 184-ல் டொக் டொக் என்று தொடங்கி 164-ல் நின்றுபோகும். 148 வரை எதுவுமே கேட்காது. பிறகு 148-ல் மறுபடி தொடங்கி 94-ல் முடியும். எல்லோருக்கும் வழக்கமாக 160 வரை காற்றடிப்பவர் அந்த மௌனத்தின் நடுவில்தான் நுழைகிறார். 148/94 என்று எழுதுவார். உண்மை 184/94. இந்த வித்தியாசத்தில் ஓர் உயிரே அடங்கியிருக்கிறது. நாடியைத் தொட்டுப் பார்த்திருந்தால் 180 வாக்கில்தான் நின்றிருக்கும், ஏனென்றால் காது ஏமாறும் அந்த இடைவெளியில் விரலுக்கு நாடி தட்டுப்படும். தேவையில்லாமல் எல்லோருக்கும் 220 வரை ஏற்றி வலிக்க வைப்பதையும் இதே படி தடுக்கிறது. வலியும் அளவை ஏற்றும்.

காதால் கேட்பது

ஸ்டெத்தின் காது முனைகள் உங்கள் மூக்குப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் காதின் துவாரத்தில் சேராது, சத்தம் பாதியாகிவிடும். ஸ்டெத்தின் வட்டத் தட்டின் மேல் விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். கேட்கவில்லையென்றால் ஸ்டெத்தின் தலைப்பகுதியைச் சுற்றி அடுத்த பக்கத்துக்கு மாற்றுங்கள். நீங்கள் கண்டுபிடித்த தமனியின் மேல், தோலோடு முழுவதும் படியும்படி, ஆனால் அழுத்தாமல் வையுங்கள். அழுத்தினால் தமனி நசுங்கி, சத்தம் முடிய வேண்டிய இடத்தைத் தாண்டியும் கேட்கும். கீழ் அளவு பொய்யாகக் குறையும். கஃபுக்குள் செருகிவிட்டுக் கையை எடுத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டாம்.

கணக்கிட்ட அளவு வரை வேகமாகக் காற்றடியுங்கள். பிறகு திருகை மெல்லத் திறந்து, நொடிக்கு 2 முதல் 3 என்ற வேகத்தில் இறக்குங்கள். 190-லிருந்து 70 வரை வர 40 முதல் 60 நொடி ஆகும். பழகாதவருக்கு அது நீண்ட நேரமாகத் தோன்றும், பழக வேண்டிய பொறுமையும் அதுதான். நிமிடத்துக்கு 60 துடிப்பு உள்ளவருக்கு நொடிக்கு ஒருமுறைதான் சத்தம் வரும். நொடிக்கு 10 இறக்கினால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் முள் 10 நழுவிவிடும். 148-ல் கேட்க வேண்டியது 140-ல் கேட்கும். 90-ல் முடிய வேண்டியது 96-லேயே கடைசியாகக் கேட்டதாகத் தெரியும். மேல் அளவு குறையும், கீழ் அளவு கூடும். துடிப்பு மிக மெதுவாக உள்ளவருக்கு, ஒவ்வொரு துடிப்புக்கும் 2 என்று இறக்குங்கள்.

இந்தச் சத்தங்களை முதலில் விவரித்தவர் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ், 1905-ல். தெளிவான தட்டல் ஒலி, குறைந்தது இரண்டு துடிப்பு தொடர்ந்து கேட்டால், அதில் முதல் ஒலி வந்த எண்தான் மேல் அளவு, சிஸ்டாலிக். ஒற்றைச் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள், குழாய் உரசியிருக்கலாம். பிறகு ஒலி சரசரப்பாகும், கணீரென்று ஆகும், அடுத்து மங்கி அமுங்கும், கடைசியில் மறையும். மறையும் எண்தான் கீழ் அளவு, டயஸ்டாலிக். மங்கும் இடத்திலேயே எழுதிவிட்டால் கீழ் அளவு கூடிவிடும். மறைந்த பிறகும் இன்னொரு 10, 20 இறங்கும் வரை காதை எடுக்காமல் மெதுவாகவே இறக்கி உறுதிசெய்துகொண்டு, அப்புறம் திருகை முழுவதும் திறந்துவிடுங்கள். சிலருக்குச் சத்தம் பூஜ்யம் வரை மறையவே மறையாது. அவர்களுக்கு மங்கிய இடத்தைக் கீழ் அளவாக எடுத்து, 140/70/0 என்று மூன்றையும் எழுதலாம்.

நடுவில் சந்தேகம் வந்தால் மறுபடி பாதியில் காற்றடிக்காதீர்கள். கையில் ரத்தம் தேங்கி ஒலி மங்கும், கீழ் அளவு ஏறும். முழுவதும் இறக்கிவிட்டு ஒரு நிமிடம் கழித்து முதலிலிருந்து தொடங்குங்கள். ஒலி ரொம்ப மெல்லியதாக இருந்தால், கையை அரை நிமிடம் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள். அந்த நிலையிலேயே காற்றடித்து, கையை இறக்கி, பழைய இடத்தில் வைத்துக் கேளுங்கள். காற்றடிக்கும் முன் ஐந்தாறு தடவை கையை மூடித் திறக்கச் சொல்வதும் உதவும்.

எழுதுவது, மறுபடி பார்ப்பது

டயலில் ஒவ்வொரு சின்னக் கோடும் 2. ஆகவே எண் இரட்டைப்படையில்தான் வரும். நோட்டுப் புத்தகத்தில் எல்லாமே 120/80, 130/80, 140/90 என்று பூஜ்யத்தில் முடிந்திருந்தால் அந்த நோட்டையே நம்ப முடியாது. 146/92 என்றால் அப்படியே எழுதுங்கள். கூடவே எந்தக் கை, எந்த கஃப், உட்கார்ந்தா படுத்தா, நேரம், நாடித்துடிப்பு, கடைசி மாத்திரை எப்போது போட்டார். எண்ணைப் பார்த்ததும் "ஐயோ, பி.பி. ஏறிடுச்சி" என்று முகம் மாறாதீர்கள். அடுத்த அளவு அந்தப் பயத்தாலேயே ஏறும்.

ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் மூன்று தடவை பார்த்து, முதல் எண்ணை விட்டுவிட்டுக் கடைசி இரண்டின் சராசரியை எடுங்கள். 152/94, 146/92, 142/90 வந்தால் கணக்கு 144/91. முதல் தடவை வருபவருக்கு இரண்டு கையிலும் பாருங்கள். 10-க்கு மேல் வித்தியாசம் இருந்தால், இனி எப்போதும் அதிகம் காட்டும் கையில்தான் பார்க்க வேண்டும். 20-க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம்.

தனிக் கவனம் வேண்டியவர்கள்

டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்த வழி) வைத்திருப்பவருக்கு அந்தக் கையில் கஃப் கட்டவே கூடாது. அடைத்துக்கொண்டால் அவருடைய டயாலிசிஸ் வழியே போய்விடும். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நிணநீர்க் கட்டிகளை எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கம் வேண்டாம். டிரிப்ஸ் ஏறும் கையும் வேண்டாம். கேட்காமல் கட்டாதீர்கள், பலர் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

நாடி தாறுமாறாகத் துடிப்பவருக்கு ஒவ்வொரு துடிப்பிலும் அழுத்தம் மாறும். மெதுவாக இறக்கி, மூன்று தடவையாவது பார்த்துச் சராசரி எடுத்து, "நாடி ஒழுங்கில்லை" என்று பக்கத்திலேயே குறியுங்கள்.

எழுந்தால் தலைசுற்றுகிறது என்பவருக்கும், சர்க்கரை நோய் உள்ள முதியவருக்கும், உட்கார்ந்து பார்த்த பிறகு எழுந்து நிற்கச் சொல்லி ஒன்றாவது நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அது முக்கியமான தகவல். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்கட்டும்.

கர்ப்பிணியை உட்கார வைத்தே பார்க்கலாம். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தால் மேலே இருக்கும் வலது கையில் பார்க்காதீர்கள், அது இதயத்தைவிட உயரத்தில் இருப்பதால் குறைத்துக் காட்டும். கர்ப்பிணிக்கு 140/90 வந்தாலே அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். 160/110 என்றால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப் போடாமல் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற மகப்பேறு மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

எண் வந்த பிறகு

வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் ரத்தக்கொதிப்பு என்று மருத்துவர் முடிவு செய்வார். ஒரு நாள் எண்ணை வைத்து நீங்கள் யாருக்கும் பெயர் சூட்ட வேண்டாம். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுங்கள்.

180/120-க்கு மேல் வந்தால் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து மறுபடி பாருங்கள். தொந்தரவு எதுவும் இல்லாமல் எண் மட்டும் அப்படியே இருந்தால் அன்றே மருத்துவரிடம் போகட்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், தாங்க முடியாத தலைவலி இவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும் இரண்டாவது முறை அளந்துகொண்டிருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். பக்கத்து வீட்டில் இருக்கும் பி.பி. மாத்திரையை வாங்கி நாக்குக்கு அடியில் வைக்கும் பழக்கம் இன்னமும் இருக்கிறது. அழுத்தம் திடீரென்று சரிந்தால் மூளைக்குப் போகும் ரத்தமே குறைந்து பக்கவாதம் வரலாம், அதனால் அதை அனுமதிக்காதீர்கள். வாய் கோணியவருக்குத் தண்ணீரும் கொடுக்க வேண்டாம், புரையேறும். தொந்தரவு தொடங்கிய நேரத்தையும் நீங்கள் பார்த்த எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ஆம்புலன்ஸில் கூடப் போகிறவர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.